விளம்பரம் தமிழில், விவரம் ஆங்கிலத்தில்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு மளிகைக் கடைக்காரரின் திறந்த மடல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. அவர் உட்கார்ந்த கல்லாவில் நான் உட்கார்ந்து முப்பது வருஷம் ஆகிறது. அரிசி, பருப்பு, புளி, மிளகாய் வற்றல் என்று எடை போட்டுக் கொடுத்தே பிழைத்த கடை இது. இப்போது தெருவிலிருந்து பார்த்தால் தராசு தெரியாது. வாசலை மறைத்துச் சரம் சரமாகப் பாக்கெட்டுகள்தான் தொங்குகின்றன. அந்தப் பாக்கெட்டுகளைப் பற்றித்தான் இந்த மடல்.

போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் தெரு ஆச்சி ஒருவர் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். ரத்தக் கொதிப்பு உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துப் பெண் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். ஆச்சி ரெண்டு நூடுல்ஸ் பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, பணத்தை எடுக்காமல் நின்றார்.

"அண்ணாச்சி, பேரன் கேக்கான். ஆக்கிக் குடுத்தா எனக்கும் ரெண்டு வாய் ஊட்டுவான். டாக்டரம்மா உப்பைக் கொறைக்கச் சொல்லிருக்காங்க. இதுல உப்பு கூடவா, கொறையவா?"

அந்த நூடுல்ஸை நான் எத்தனையோ வருஷமாக விற்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து எள்ளில் பாதி இருந்தது. கண்ணாடி போட்டும் பிடிபடவில்லை. செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் ஆங்கிலம். உப்பு என்ற பெயரில் கணக்கு எதுவும் இல்லை. சோடியம் என்று இருந்தது, 100 கிராமுக்கு ஆயிரத்துச் சொச்சம் மில்லிகிராம். என் மகள் நர்சிங் படிக்கிறாள். அவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு என்றாள். 100 கிராமுக்கு இரண்டரை கிராம் உப்பு வந்தது. பாக்கெட்டோ 70 கிராம். அப்படியென்றால் ஒரு பாக்கெட்டில் ஒன்றே முக்கால் கிராமுக்குக் குறையாத உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு பாக்கெட்டிலேயே நாள் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

"கூடத்தான் ஆச்சி" என்றேன். ரெண்டு எடுத்தவர் ஒன்றைத் திருப்பி வைத்தார். "நீங்க சொல்லப்போயித்தானே தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் பின்னால் நாலு பேர் நின்றுவிட்டார்கள். கண்ணாடி, கேமரா, கால்குலேட்டர், நர்சிங் படிக்கும் மகள் எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம் பிடித்தது, ஒரு கிழவியின் ஒரு கேள்விக்கு. இதையெல்லாம் ஆச்சி தானே எப்படிச் செய்வார்?

அந்தப் பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெயர் தமிழில் இருக்கிறது. டிவியில் அதற்கு வரும் விளம்பரம் தமிழில். கடை வாசலில் மாட்ட அவர்கள் கொடுத்த போர்டும் தமிழில். 'அம்மாவின் அன்பு', 'நிறைந்த சத்து' என்று தமிழ் அங்கெல்லாம் சரளமாக வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்ததும் ஆங்கிலம் ஆகிவிடுகிறது. கம்பெனிகளை மட்டும் சொல்லி என்ன செய்ய? விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும், மற்ற மொழி வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்பது உங்கள் விதிதான். வேண்டுமானால் என்று விட்டுவிட்டால் யார் சேர்ப்பார்கள்? என் கடையில் சேர்மானப் பட்டியலைத் தமிழில் போட்ட பாக்கெட்டைத் தேடிப் பார்த்தேன். உள்ளூர் அப்பளமும் ஊறுகாயும் தவிர எதுவும் கிடைக்கவில்லை.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மொத்தம் 17. முழுத் தானியம், பயறு, காய், பழம் என்று விதவிதமாகச் சாப்பிடுங்கள், கொழுப்பும் சீனியும் உப்பும் மிகுந்த பண்டங்களையும் மிகையாகப் பதப்படுத்திய உணவுகளையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். கடைசியான 17-வது வழிகாட்டுதல், பொட்டலத்தின் மேலுள்ள விவரத்தைப் படித்துப் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. நல்ல யோசனைதான். எந்த எழுத்தில் படிப்பது என்பதுதான் எங்கள் ஊரின் கேள்வி.

படிக்கத் தெரியாதவர்களுக்கு எதைப் போட்டாலும் புரியாது என்று யாராவது சொல்வார்களானால், அவர்களுக்குப் பச்சைப் புள்ளியைக் காட்டுகிறேன். சைவமா அசைவமா என்று சொல்லும் அந்தக் குறி எத்தனை சின்னது! கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிறவர்கள்கூட என் கடையில் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். சனிக்கிழமை விரதம் இருக்கும் அம்மா ஒருவர் கேக் பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் அந்தப் புள்ளியைத்தான் பார்ப்பார். யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே மாதிரி, முன்பக்கத்திலேயே இருந்தது, பழகிவிட்டது. அதே போல, உப்பு கூடினால் ஒரு குறி, சீனி கூடினால் ஒரு குறி, கெட்ட கொழுப்பு கூடினால் ஒரு குறி, பக்கத்தில் 'உப்பு அதிகம்' என்று இரண்டே சொல் தமிழில் இருந்தால் ஆச்சி என்னிடம் கேட்டிருக்கவே மாட்டார்.

சிலி நாட்டில் இதை 2016 ஜூனிலேயே செய்துவிட்டார்கள். கறுப்பில் எட்டு மூலைக் கட்டம், உள்ளே 'சீனி அதிகம்', 'சோடியம் அதிகம்' என்று எழுத்து. கறுப்புக் கட்டம் உள்ள பண்டத்தைப் பள்ளிக்கூடத்தில் விற்கக்கூடாது. பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக்கூடாது. அது வந்தபிறகு அங்கே சீனிப் பானங்கள் வாங்குவது ஏறத்தாழ கால்வாசி குறைந்ததாக ஆய்வு வந்தது. அப்புறம் பெரு, மெக்சிகோ என்று வரிசையாக மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன.

நீங்களும் பாக்கெட்டின் முன்பக்கக் குறிக்காக 2022 செப்டம்பரில் ஒரு விதி வரைவு வெளியிட்டீர்கள். அதில் கறுப்புக் கட்டம் இல்லை, நட்சத்திரம் இருந்தது. அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை. சீனிக்கும் உப்புக்கும் கழிக்கும் மதிப்பெண்ணை, பருப்பு, பழம், நார்ச்சத்து சேர்ந்திருந்தால் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பது அதன் கணக்கு. தயவுசெய்து இந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். நட்சத்திரம் என்றாலே எங்கள் ஊரில் உயர்வு என்றுதான் அர்த்தம். சீனி நிறைந்த பிஸ்கட்டில் ரெண்டு நட்சத்திரம் இருந்தால், ரெண்டு நட்சத்திரமாவது இருக்கிறதே என்று வாங்குவார்கள். சுகர் இருக்கிறவருக்குத் தெரிய வேண்டியது சீனி எவ்வளவு என்பது மட்டும்தான். அதில் பாதாம் சேர்ந்திருக்கிறது என்பதால் அவர் உடம்பில் சீனி குறையப் போவதில்லை.

அந்த வரைவுக்குப் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன என்றீர்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்தில் முடிவு சொல்லச் சொன்னது. ஜூலையில் இன்னும் மூன்று மாதம் கொடுத்தது. இன்றுவரை என் கடைக்கு இறங்கும் அட்டைப்பெட்டி எதிலும் முன்பக்க எச்சரிக்கையோடு ஒரு பாக்கெட் வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா காலத்திலிருந்து பொரிகடலையும் வறுத்த நிலக்கடலையும் செய்தித்தாளில் கூம்பு மடித்துத்தான் கொடுத்துவந்தோம். அந்த மடிப்பு எங்கள் கைக்கே உரியது, நூல்கூடத் தேவைப்படாது. அச்சு மை உணவில் ஒட்டும், உடம்புக்குக் கெடுதல் என்று நீங்கள் தடை போட்டீர்கள். அதிகாரி கடைக்கு வந்து சொன்னார். நியாயமான பேச்சு, மறுநாளே நிறுத்திவிட்டேன். இப்போது பழுப்புக் காகிதப் பை வாங்குகிறேன். அதற்கு ஆகும் செலவு கைக்காசுதான். எனக்கு யாரும் மூன்று வருஷம் தவணை கொடுக்கவில்லை, கருத்துக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஒரு கூம்புக் காகிதத்தில் இவ்வளவு உறுதியாக இருந்த ஆணையம், பெரிய கம்பெனிகளின் பாக்கெட்டில் ஒரு கட்டம் அச்சடிக்கச் சொல்வதற்கு ஏன் இவ்வளவு தயங்க வேண்டும்?

உங்களால் முடியாதது என்றும் நான் நினைக்கவில்லை. எண்ணெயில், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பை 2 சதவீதத்துக்குள் 2022-இல் கொண்டுவந்தீர்கள். மால்ட் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்று இணையக் கடைகளில் போடக்கூடாது என்று 2024-இல் சொன்னீர்கள். சீனித் தண்ணீருக்கு, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் பெயரான ஓஆர்எஸ் என்று பெயர் வைப்பதை 2025 அக்டோபரில் தடுத்தீர்கள். அந்தச் செய்தி வந்த அன்று, வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைகளுக்கு என்று நானே எத்தனை பேருக்கு அதை எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். இரவு தூக்கம் வரவில்லை.

நானும்தான் விற்கிறேன். அதை மறைக்கவில்லை. ஏன் விற்கிறேன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாக்கெட் சரக்குக்குக் கம்பெனிச் சரக்கைக் கடை கடையாகப் போடும் லைன் வண்டி வாசலுக்கே வரும். மாட்டி வைக்க ரேக் கொடுப்பார்கள். காலாவதியானால் எடுத்துக்கொண்டு வேறு கொடுப்பார்கள். பத்துச் சரம் எடுத்தால் ஒரு சரம் இலவச ஸ்கீம். எடை போட வேண்டாம், சிந்தாது. கறுப்பு உளுந்தோ கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ அப்படி இல்லை. மூட்டையாக வாங்கிப் போட வேண்டும். மாசி பங்குனிக்குள் விற்காவிட்டால் வண்டு விழும். மொட்டைமாடியில் காயப் போட்டு, புடைத்து, வேப்பிலை போட்டு டப்பாவில் அடைக்க வேண்டும். என் மனைவி வாரத்தில் ஒரு நாளை இதற்கே கொடுக்கிறாள். உளுத்துப்போனால் அது எங்கள் நஷ்டம். எந்தக் கம்பெனியும் வந்து மாற்றித் தராது. வருமானத்தை மட்டும் பார்த்தால் பயறு மூட்டையை எப்போதோ தூக்கியிருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை, வைத்திருக்கிறேன்.

வரியும் அதற்கேற்ற மாதிரி அமைந்துவிட்டது. அது உங்கள் கையில் இல்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதம். நூடுல்ஸுக்கும் மிக்சர் வகைகளுக்கும் 12-லிருந்து 5. பாக்கெட்டில் அடைத்துப் பெயர் ஒட்டிய பாசிப்பருப்புக்கும் அதே 5 சதவீதம்தான். ஐந்து ரூபாய் பாக்கெட் ஐந்து ரூபாயாகவே இருக்கிறது. உள்ளே சில கிராம் கூடியிருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை அதே ஐந்து ரூபாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகத் தின்கிறது.

அந்தப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. பள்ளிக்கூட வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சீனி மிகுந்த பண்டம் விற்கக்கூடாது என்று 2020-இல் விதி போட்டீர்கள். என் கடை அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. ஆனால் எல்லைக்குள் இருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கு எது மிகுந்தது, எது மிகாதது என்று எப்படித் தெரியும்? பாக்கெட்டில் குறி இருந்தால்தானே ஒதுக்கி வைப்பார்? அதிகாரியே வந்தாலும் என்னைப் போலக் கால்குலேட்டரோடுதான் நிற்க வேண்டும்.

சின்னப் பாக்கெட்டுக்கு இன்னும் வசதி. 100 சதுர சென்டிமீட்டருக்கு உட்பட்ட பொட்டலத்தில் ஊட்டச்சத்து விவரம் போட வேண்டியதில்லை என்று உங்கள் விதியிலேயே விலக்கு இருக்கிறது. ஒரு ரூபாய் மிட்டாய், ரெண்டு ரூபாய் ஜெல்லி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். இடம் போதாது என்பது காரணம். பல வண்ணத்தில் கரடிப் படமும் கார் படமும் போட இடம் இருக்கிறதே. ஒரு கட்டத்துக்கு இடம் இல்லாமல் போகாது. இந்தப் பாக்கெட்டுகளை வாங்குகிறவர்கள் பெரியவர்கள் இல்லை என்பது எந்தக் கடைக்காரருக்கும் தெரியும்.

இன்னொன்று, முன்பக்கத்துப் படம். என் ரேக்கில் ஒரு பிஸ்கட் இருக்கிறது. மேலே முற்றிய கேழ்வரகுக் கதிர், கிராமத்து வீடு, மண்பானை. பின்னால் சேர்மானப் பட்டியலில் முதலில் வருவது மைதா. எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. அந்த மட்டும் சரியாகப் போட்டிருக்கிறார்கள். அடுத்து சீனி, பாமாயில், அப்புறம் இன்வெர்ட் சிரப் என்று இன்னொரு பெயரில் மறுபடியும் சீனி. கேழ்வரகு அதற்கும் பின்னால், ஒற்றை இலக்கச் சதவீதத்தில். சுகர் வந்தவர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். 'கேப்பை பிஸ்கட்டுதானே, ஒண்ணும் செய்யாது' என்கிறார்கள். நிஜக் கேழ்வரகு, உமி நீங்கி, கல் பொறுக்கி, அதே ரேக்குக்குக் கீழே சாக்கில் இருக்கிறது. 100 கிராமில் 350 மில்லிகிராம் போலக் கால்சியம் உள்ள தானியம். அதற்குப் படம் இல்லை, போர்டு இல்லை. தர்மபுரியிலும் நீலகிரியிலும் 2023 முதல் ரேஷனில் அரிசிக்குப் பதில் ரெண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள் என்று படித்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அரசின் ஒரு கை அதைக் கொடுக்கும்போது, இன்னொரு கை அதன் படத்தை மைதாவுக்கு ஒட்ட விடக்கூடாது. படம் எந்தத் தானியத்துடையதோ, அந்தத் தானியம்தான் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும் என்று விதி போடுங்கள்.

சீனி, உப்பு, கொழுப்பு மூன்றை மட்டும் எண்ணினால் போதுமா என்று மகள் கேட்டாள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் இயல்பான உணவு என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்ததாம். இரண்டிலும் தட்டில் வைத்த சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டார்கள். பதப்படுத்திய உணவு சாப்பிட்டபோது ஒரு நாளைக்கு 500 கலோரி போலக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டு வாரத்தில் ஒரு கிலோ அளவுக்கு எடை ஏறியது. கடையில் இதை நான் தினம் பார்க்கிறேன். அவித்த நிலக்கடலை ஒரு கிண்ணம் தின்ற பிள்ளை போதும் என்று எழுந்துவிடும். சிப்ஸ் பாக்கெட் தின்ற பிள்ளை காகிதத்தைக் கவிழ்த்துத் தட்டி, விரலை நக்கிவிட்டு, இன்னொன்று கேட்கும். ஆகவே மகள் கேட்டது சரிதான், கட்டம் மட்டும் போதாது. ஆனாலும் முதலில் கட்டம் வரட்டும்.

எங்கள் ஊர்க் கடலை மிட்டாயைப் பற்றியும் கேட்பீர்கள். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். கரிசல் காட்டு நிலக்கடலையும் வெல்லப்பாகும்தான் சேர்மானம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் புரியும். என்றாலும் வெல்லமும் இனிப்புதான். அளவுக்கு மேல் இருக்கிறது என்று உங்கள் கணக்கு சொன்னால் அதன்மேலும் கறுப்புக் கட்டம் வரட்டும். எங்கள் ஊர்ப் பண்டம் என்பதற்காக விலக்குக் கேட்க மாட்டேன். அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் அதே சட்டம் இருக்கட்டும்.

நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. எங்கள் தெருவில் மாத்திரை கொடுக்க வரும் பெண்ணின் பை வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போகிறது. அவர் எங்கள் கடைத் திண்ணையில்தான் உட்கார்ந்து பேரேட்டில் எழுதுவார். அவர் மாத்திரை கொடுத்துவிட்டு எழுந்ததும், வாங்கியவர் என் கல்லாவுக்கு வந்து பாக்கெட் வாங்குவார். ஒரே திண்ணையில் நடக்கும் இந்த ரெண்டையும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நாள் சும்மா இருக்க முடியும்?

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். அதிகம் விற்கும் பத்துப் பாக்கெட்டுகளை எடுத்து, உப்பும் சீனியும் கணக்குப் போட்டு, ஒரு அட்டையில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ரேக்குக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறேன். 'ஒரு பாக்கெட்டில் சீனி இத்தனை டீஸ்பூன், உப்பு இத்தனை சிட்டிகை' என்று. லைன் வண்டியில் வந்த தம்பி ஒருவர், "அண்ணாச்சி, இதை எடுத்துருங்க, மேலே கேட்டா எனக்குத்தான் பிரச்சினை" என்றார். பாவம், அவரும் சம்பளத்துக்கு வருகிறவர்; டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அட்டை இருக்கிறது. நூடுல்ஸ் விற்பனை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பொரிகடலையும் நிலக்கடலையும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆச்சி இப்போது பேரனைக் கூட்டிவந்து, அந்த அட்டையை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்கிறார். அவன் மூன்றாம் வகுப்பு.

என் கையெழுத்தில் பத்துப் பாக்கெட்டுக்குத்தான் முடிந்தது. கடையில் மொத்தம் இருநூற்றுச் சொச்சம் வகை இருக்கிறது. மீதியை அச்சில் போட உங்கள் ஒரு உத்தரவு போதும்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
கோவில்பட்டி வட்டாரம்.